மங்கும் திரையின் வரலாறு

மனிதன் படைத்த கருவிகளுள் பல, அவன் கேளாமலே அவனுக்காகச் சில முடிவுகளைச் செய்துவிடுகின்றன. கணினித் திரையும் விளையாட்டுக் கருவியின் திரையும் சிறிது நேரம் தொடப்படாமல் இருந்தால் தாமாகவே மங்கிவிடுவது அத்தகைய முடிவுகளுள் ஒன்று. எழுதிக்கொண்டிருப்பவருக்கு இஃது ஒரு பொருட்டன்று. ஒரு விசையைத் தட்டினால் ஒளி திரும்பிவிடும். வீடியோ விளையாட்டில் ஈடுபட்டிருப்பவருக்கோ இது பெரிய இடையூறு. எதிரி பாய்ந்து வரும் நொடியில் திரை இருண்டால் ஆட்டம் முடிந்தது. சதுரங்கக் காயை நகர்த்துமுன் ஆழ்ந்து சிந்திப்பவரின் திரை மங்கினால் சிந்தனை கலைகிறது.

எனவே, இத்தானியங்கி ஏற்பாட்டை எப்படி நிறுத்துவது என்ற வினா, விளையாடுவோரிடையே தலைமுறை தலைமுறையாக எழுந்து வந்துள்ளது. மின்சாரத்தைச் சேமிக்க வேண்டும் என்பார் ஒருபுறமும், ஆட்டத்தைக் கெடுக்காதே என்பார் மறுபுறமும் நின்று வழக்காடுவதாகவே இது தோன்றும். ஆனால், திரை மங்குவதன் வரலாற்றை முறையாக நோக்குவோமாயின், வழக்கு அதுவன்று என்பது புலனாகும். சிக்கனத்துக்கும் இன்பத்துக்கும் இடையே நிகழும் போராட்டமன்று இது. திரைக்கு முன் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதைக் கருவி எதைக் கொண்டு அறிகிறது என்பதே இதன் உள்ளீடான வினா. அவ்வினாவுக்கு விடை தேடிய அரை நூற்றாண்டு முயற்சியே இக்கட்டுரையின் பொருளாகும்.

கண்ணாடியில் விழுந்த தழும்பு

திரை மங்கும் ஏற்பாடு மின்சிக்கனத்துக்காகப் பிறந்தது என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. அது திரையைக் காப்பதற்காகப் பிறந்தது.

பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழலில், கண்ணாடியின் உட்புறத்தில் ஒளிரும் தன்மையுடைய வேதிப்பொருள் பூசப்பட்டிருக்கும். பின்னாலிருந்து பாயும் மின்னணுக் கதிர் அப்பூச்சின்மீது மோதும்போது ஒளி பிறக்கிறது. அடி தொடர்ந்து விழும் இடத்தில் பூச்சு நாளடைவில் தன் ஒளிரும் ஆற்றலை இழந்துவிடும். சாதாரணத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் படம் ஓயாது மாறிக்கொண்டேயிருப்பதால் தேய்மானம் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரு சீராக நிகழும். ஒரே படம் மணிக்கணக்கில் அசையாமல் நின்றால், அப்படத்தின் வடிவமே திரையில் தழும்பாகப் பதிந்துவிடும். பெட்டியை அணைத்த பின்னும் அத்தழும்பு தெரியும்.

அசையாத படம் என்ற இக்குறை வீடியோ விளையாட்டோடு கூடவே பிறந்தது. 1972ஆம் ஆண்டில் மேக்னவாக்ஸ் நிறுவனத்தின் ஒடிசி என்னும் வீட்டு விளையாட்டுக் கருவியும், அட்டாரி நிறுவனத்தின் பாங் என்னும் பொது விளையாட்டுப் பெட்டியும் வெளிவந்தன. பாங் ஆட்டத்தில் நடுக்கோடும் புள்ளி எண்களும் எப்போதும் ஒரே இடத்தில் நிற்பவை. 1980ஆம் ஆண்டில் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற பாக்-மேன் விளையாட்டில் சிக்கல்வழிச் சுவர்கள் அசைவதேயில்லை. பொது விளையாட்டுக் கூடங்களில் நாள் முழுதும் எரிந்துகொண்டிருந்த அப்பெட்டிகள் பலவற்றின் திரைகளில், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அச்சுவர்களின் நிழல் தழும்பாகத் தெரிந்ததைப் பழம்பெட்டிகளைச் சேகரிப்போர் நன்கறிவர்.

கூடத்துப் பெட்டி கெட்டால் இழப்பு வணிகருக்கு. வீட்டுப் பெட்டி கெட்டால் இழப்புக் குடும்பத்துக்கு. ஒரே ஒரு தொலைக்காட்சியை வாங்கி வைத்திருந்த குடும்பங்கள் மிகுதியாக இருந்த காலம் அது. ஆகவே, 1977ஆம் ஆண்டில் அட்டாரி நிறுவனம் வீட்டு விளையாட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதற்கென எழுதப்பட்ட ஆட்டங்கள் பலவற்றில் ஒரு சிறு தற்காப்பும் சேர்த்து எழுதப்பட்டது. ஆட்டம் ஆடுவாரின்றிக் கிடந்தால், திரையின் நிறங்கள் தாமே மாறி மாறிச் சுழலும். ஒரே இடத்தில் ஒரே நிறம் நிலைத்து நில்லாதபடி செய்த ஏற்பாடு அது.

எழுபத்தேழாம் முகவரி

இதன் அடுத்த படி, நம் வரலாற்றில் தனியே நின்று நோக்கத்தக்கது. 1979ஆம் ஆண்டின் இறுதியில் அட்டாரி நிறுவனம் 400, 800 என்னும் இரு வீட்டுக் கணினிகளை வெளியிட்டது. அவற்றில் திரையைக் காக்கும் பொறுப்புத் தனித்தனி ஆட்டங்களிடம் விடப்படவில்லை. கணினியை இயக்கும் அடிப்படை நிரலிடமே அது ஒப்படைக்கப்பட்டது.

அந்த ஏற்பாடு எளிமையானது. கணினி நினைவகத்தின் 77ஆம் முகவரியில் ஓர் எண் வைக்கப்பட்டிருக்கும். ஏறத்தாழ 4 நொடிக்கு ஒருமுறை அவ்வெண்ணோடு ஒன்று கூட்டப்படும். விசைப்பலகையில் ஏதேனும் ஒரு விசை அழுத்தப்பட்டால் அவ்வெண் மீண்டும் சுழியமாகும். எவரும் விசையைத் தொடாமல் சுமார் 9 நிமிடம் கழிந்தால் எண் 127ஐக் கடந்துவிடும். உடனே திரையின் ஒளி குறைந்து, நிறங்கள் மாறத் தொடங்கும். அறையில் ஆள் இல்லை என்பது கணினியின் முடிவு.

முடிவு எப்படிப் பிழைத்தது என்பதைக் காண்க. விசைப்பலகையைத் தொட்டால்தான் எண் சுழியமாகும் என்று விதித்தவர்கள், ஜாய்ஸ்டிக் என்னும் இயக்குபிடியைக் கணக்கில் சேர்க்கவில்லை. விளையாடுவோர் கையில் பிடித்திருப்பதோ அந்த இயக்குபிடியைத்தான். ஆகவே, சிறுவன் ஒருவன் இயக்குபிடியை முறுக்கியும் வளைத்தும் வியர்க்க வியர்க்க விளையாடிக்கொண்டிருந்தாலும், கணினியின் கண்ணுக்கு அவன் அங்கே இல்லாதவனே. ஒன்பதாம் நிமிடத்தில் திரை மங்கிவிடும்.

இதற்கு மாற்றும் உடனே காணப்பட்டது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்த 77ஆம் முகவரியில் அவ்வப்போது சுழியத்தை எழுதும்படி நிரலாளர்கள் தம் நிரலிலேயே ஒரு வரியைச் சேர்த்தனர். பேசிக் மொழியில் அது ‘போக் 77,0’ என்னும் ஒரே கட்டளை. வீட்டில் அமர்ந்து சொந்தமாக விளையாட்டு எழுதப் பழகிய அந்நாளைய மாணவர்கள் விரைவிலேயே கற்றுக்கொண்ட கட்டளைகளுள் இதுவும் ஒன்று. தானியங்கித் திரை மங்கலை விளையாட்டுக்காக நிறுத்திவைத்ததற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக இதைக் கொள்ளலாம்.

ஈண்டு இருவேறு உண்மைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். கருவி, ஆளின் கையைக் கொண்டே ஆளை அறிந்தது. கண்ணைக் கொண்டு அறியவில்லை. கையிலும் ஒரு பகுதியையே அறிந்தது. மற்றொன்று, நிரலாளர் எழுதிய அவ்வரி திரைக்காப்பையே ஒழித்துவிடவில்லை. ஆட்டம் ஓடும் வரைக்கும் அதைத் தள்ளிப் போட்டது. ஆட்டம் முடிந்ததும் 77ஆம் முகவரி மீண்டும் தன் எண்ணிக்கையைத் தொடங்கியது. இவ்விரண்டாம் உண்மையின் அருமை பின்னர் விளங்கும்.

இருளும் திரை, பறக்கும் படம்

அலுவலகக் கணினிகளுக்கும் இதே தழும்பு அச்சம் இருந்தது. 1983ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஐ.பி.எம். கணினிக்கென ஜான் சோச்சா என்பவர் எழுதிய ‘ஸ்கிரன்சேவ்’ என்னும் சிறு நிரல், சாப்ட்டாக் என்னும் இதழில் வெளியாயிற்று. மூன்று நிமிடம் எவரும் கணினியைத் தொடாவிட்டால் அது திரையை முழுவதுமாக இருட்டாக்கிவிடும். அம்மூன்று நிமிடத்தை ஐந்தாகவோ பத்தாகவோ மாற்ற விரும்பியவர், நிரலையே திருத்தி மீண்டும் தொகுத்தாக வேண்டும். மக்கள் கையில் மாற்றும் விசை தரப்படவில்லை. அதே 1983ஆம் ஆண்டில் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் லீசா கணினியோ, எவ்வளவு நேரத்தில் திரை மங்க வேண்டும் என்பதைப் பயன்படுத்துவோரே குறித்துக்கொள்ளும் வசதியைத் தந்தது. ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரு ஏற்பாடுகளும், ஒன்று பிறர் முடிவுக்கும் மற்றொன்று தன் முடிவுக்கும் சான்றாக நிற்கின்றன.

1989ஆம் ஆண்டில் பெர்க்லி சிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஆப்டர் டார்க்’ என்னும் தொகுப்பில் சிறகு முளைத்த ரொட்டி சுடும் கருவிகள் இருண்ட திரையில் பறந்தன. திரையைக் காக்க வந்த நிரல், அப்போது கடையில் விலை கொடுத்து வாங்கும் பொழுதுபோக்குப் பொருளாகவே மாறிவிட்டது. காரணம் மறைந்து வழக்கம் மட்டும் வளர்வதற்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

காரணம் மாறியது, கணக்கு மாறவில்லை

தொண்ணூறுகளில் திரை மங்கலுக்குப் புதியதொரு காரணம் வந்து சேர்ந்தது. 1992ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ‘எனர்ஜி ஸ்டார்’ என்னும் மின்சிக்கனச் சான்றிதழைத் தொடங்கியது. அச்சான்று முதன்முதலில் அளிக்கப்பட்ட பொருள்கள் கணினிகளும் கணினித் திரைகளுமே. 1993ஆம் ஆண்டு ஏப்ரலில் அதிபர் கிளின்டன் பிறப்பித்த ஆணை, கூட்டரசு அலுவலகங்கள் அச்சான்று பெற்ற கணினிகளையே வாங்க வேண்டும் என்று நெறிப்படுத்தியது. அதே ஆண்டில், கணினி தன் திரைக்கு ‘உறங்கு’ என்று ஆணையிடும் பொது முறையொன்றை வெசா என்னும் தரநிர்ணய அமைப்பு வகுத்தது. அரசாங்கம் என்னும் பெரிய கொள்முதலாளி கேட்டதும் உற்பத்தியாளர் அனைவரும் இணங்கினர். இவ்வாறு, கண்ணாடியைக் காக்கப் பிறந்த ஏற்பாடு மின்சாரத்தைக் காக்கும் ஏற்பாடாயிற்று.

நோக்கம் உயர்ந்ததே. ஆயினும், ஆளை அறியும் முறை மட்டும் பழையபடியே நின்றது. விண்டோஸ் இயங்குதளம் விசைப்பலகையையும் சுட்டியையும் தொட்டால் ஆள் இருப்பதாகக் கொண்டது. 2005ஆம் ஆண்டில் எக்ஸ்பாக்ஸ் 360 கருவியின் இயக்குபிடி, கணினியிலும் பொருத்தத் தக்கதாக வெளிவந்தது. பலர் அதைக் கையிலேந்திக் கணினியில் விளையாடத் தொடங்கினர். அந்த அசைவு இயங்குதளத்தின் கணக்கில் ஏறவில்லை. ஆட்டத்தின் நடுவே திரைக்காப்பு எழுந்தது, திரை இருண்டது. 1979ஆம் ஆண்டில் அட்டாரிக் கணினி செய்த அதே பிழை, கால் நூற்றாண்டு கழித்து வேறொரு நிறுவனத்தின் கணினியிலும் அப்படியே நிகழ்ந்தது.

இதற்கும் மாற்று இருந்தது. காணொளி காட்டும் நிரலும் உரை நிகழ்த்தப் பயன்படும் நிரலும், ‘என் திரையை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், அணைக்க வேண்டா’ என்று இயங்குதளத்திடம் கூறுவதற்கான கட்டளை ஒன்று விண்டோஸில் உண்டு. அதை எழுதிய ஆட்டங்களில் தொல்லை இல்லை. எழுத மறந்த ஆட்டங்களில் மட்டும், விளையாடுவோர் தாமே இயங்குதளத்தின் மின்சார அமைப்புக்குள் சென்று, திரை மங்கலை அடியோடு நிறுத்திவிட்டனர். ஆட்டம் முடிந்த பின் அதைத் திரும்ப இயக்கியவர் எத்தனை பேர்? நிறுத்தியதை மறந்துவிடுவது மனித இயல்பு. அன்று முதல் அக்கணினியின் திரை, ஆளிருந்தாலும் இல்லாவிட்டாலும் எரிந்துகொண்டேயிருக்கும்.

எஸ்.டி.எல். என்னும் திறந்த மென்பொருள் தொகுப்பைக் கொண்டு எண்ணற்ற விளையாட்டுகள் எழுதப்படுகின்றன. அதன் 2.0.2 பதிப்பு முதல், ஆட்டம் ஓடும்போது திரைக்காப்பு தானாகவே நிறுத்தப்படுகிறது. ஆட்டத்தை விட்டு வெளியேறியதும் தானாகவே மீண்டும் இயங்குகிறது. பழைய ‘போக் 77,0’ கட்டளையின் அறிவை ஆயிரம் நிரலாளர்க்கும் பொதுவாக்கியது இவ்வேற்பாடு.

கையடக்கக் கருவியில் ஒளியின் விலை

சுவரிலுள்ள மின்சாரத்தில் ஓடும் கருவிக்கு ஒளி மலிவு. மின்கலத்தில் ஓடும் கருவிக்கு ஒளியே பெருஞ்செலவு. 1989ஆம் ஆண்டில் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட கேம் பாய் என்னும் கையடக்கக் கருவியின் திரையில் விளக்கே கிடையாது. வெளிச்சத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கடுத்த ஆண்டில் சேகா நிறுவனம் வெளியிட்ட கேம் கியர், வண்ணத் திரையும் பின்னொளியும் கொண்டது. ஆனால், 6 மின்கலங்களை 3 முதல் 5 மணி நேரத்தில் அது தீர்த்துவிடும். விளக்கில்லாத கேம் பாயோ 4 மின்கலங்களைக் கொண்டே அதைவிடப் பன்மடங்கு நேரம் ஓடிற்று. விற்பனையில் வென்றதும் அதுவே.

ஆயினும், இருட்டில் பார்க்க இயலாத திரையை மக்கள் என்றும் பொறுத்துக்கொள்வர் என்பதில்லை. 2001ஆம் ஆண்டில் வந்த கேம் பாய் அட்வான்ஸ் கருவியின் திரை மிகவும் இருண்டிருப்பதாகப் பலர் குறைகூறினர். சிலர் கருவியைப் பிரித்து, தனியே விற்கப்பட்ட விளக்கை உள்ளே பொருத்திக்கொண்டனர். 2003ஆம் ஆண்டில் வந்த மேம்பட்ட கருவியில், விளக்கும் அதை ஏற்றி அணைக்கும் விசையும் சேர்த்தே தரப்பட்டன. இங்கு முடிவு விளையாடுவோர் கையில் இருந்தது. பிற்காலத்தில், 2011ஆம் ஆண்டில் வந்த நின்டெண்டோ 3டி.எஸ். கருவியில், திரையிலுள்ள படத்தைப் பொறுத்து ஒளியைத் தானே கூட்டிக் குறைக்கும் மின்சிக்கன முறை அமைந்தது. வேண்டாதவர் அதை நிறுத்திக்கொள்ளலாம். மடிக்கணினிகளிலும் இத்தகைய முறைகள் உள்ளன. இருண்ட குகையில் நிகழும் காட்சியைத் திரை மேலும் மங்கலாக்கிக் காட்டும்போது, பதுங்கியிருக்கும் எதிரி கண்ணுக்குப் புலப்படுவதில்லை. விளையாடுவோர் முதலில் நிறுத்துவது இதனைத்தான்.

கைப்பேசி வந்தபோது பழைய சிக்கல் புது வடிவில் தோன்றியது. கைப்பேசி, விரல் திரையைத் தொடுவதைக் கொண்டு ஆளை அறிகிறது. ஆனால், கைப்பேசியைச் சாய்த்தும் திருப்பியும் ஆடும் விளையாட்டுகளில் விரல் திரையைத் தொடுவதேயில்லை. ஆப்பிள் நிறுவனம் நிரலாளர்க்கு எழுதிய வழிகாட்டியில் இச்சிக்கல் வெளிப்படையாகவே கூறப்பட்டுள்ளது. அசைவை மட்டும் கொண்டு இயங்கும் விளையாட்டுகள் திரை உறக்கத்தை நிறுத்திவைக்கலாம். தேவை தீர்ந்ததும் மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலான நிரல்கள் இதைத் தொடவே கூடாது என்பன அதன் கருத்து. ஆண்ட்ராய்டு முறையிலோ, ஒரு நிரல் தன் சாளரம் முன்னே தெரியும் வரைக்கும் மட்டும் திரையை விழித்திருக்கச் செய்யலாம். வேறு நிரலுக்கு மாறியவுடன் அவ்வுரிமை தானே நீங்கிவிடும்.

திரும்பி வந்த தழும்பு

படக்குழல் மறைந்து திரவப்படிகத் திரை பரவியபோது, தழும்பு அச்சம் பெரிதும் நீங்கியது. ஆனால், அது முற்றும் தொலைந்துவிடவில்லை. ஒளிரும் பூச்சைக் கொண்டிருந்த பிளாஸ்மா தொலைக்காட்சிகளில் அது தொடர்ந்தது. 2006ஆம் ஆண்டில் வந்த வீ கருவியில், திரைத் தழும்பைக் குறைக்கும் மங்கல் ஏற்பாடு இருந்தது. அதை நிறுத்தும் விசையும் அமைப்புப் பட்டியலிலேயே இருந்தது. 2017ஆம் ஆண்டில் வந்த ஸ்விட்ச் கருவியிலும் இவ்விரண்டும் உள்ளன. காணொளி பார்க்கும்போது தானே உறங்கும் ஏற்பாட்டை நிறுத்திவைக்கும் அமைப்பும் அதில் உண்டு. பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு செயலே என்று கருவி ஒப்புக்கொண்டதற்கு அஃது அடையாளம்.

ஓலெட் எனப்படும் புதிய வகைத் திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, தானே தேய்கிறது. விளையாட்டின் ஓரத்தில் அசையாமல் நிற்கும் வரைபடமும் உயிர்க்குறியும் மீண்டும் தழும்பாகப் பதியக்கூடும். ஆகவே, படம் நெடுநேரம் அசையாதிருந்தால் ஒளியைப் படிப்படியாகக் குறைக்கும் ஏற்பாடு இத்தகைய தொலைக்காட்சிகளில் அமைந்துள்ளது. மெல்ல மெல்ல நகரும் வியூக ஆட்டங்களை விளையாடுவோர் இதனால் சலிப்புற்று, பழுதுபார்ப்போர்க்கென மறைத்து வைக்கப்பட்ட பட்டியலுக்குள் புகுந்து அதை நிறுத்திவிடுவதும் உண்டு. இங்கு விசை வெளிப்படையாக வைக்கப்படவில்லை. வைக்கப்படாததற்குக் காரணமும் இருக்கிறது. நிறுத்துவோர் தம் திரையின் ஆயுளையே விலையாகக் கொடுக்க நேரலாம். காரணம் அறிந்து கொடுக்கும் விலை வேறு. அறியாமல் இழக்கும் பொருள் வேறு.

ஆளில்லா அறையில் எரியும் விளக்கு

இதுகாறும் விளையாடுவோர் பக்க நியாயத்தையே கண்டோம். நடுநிலை தவறாமல் மறுபக்கத்தையும் காண்பது கடனாகும். 2008ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் இயற்கை வளப் பாதுகாப்புக் குழு விளையாட்டுக் கருவிகளின் மின் பயன்பாட்டைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டிலிருந்த விளையாட்டுக் கருவிகள் ஓராண்டில் ஏறத்தாழ 1,600 கோடி யூனிட் மின்சாரத்தை உண்பதாக அது மதிப்பிட்டது. சான் டியேகோ என்னும் பெருநகரத்தின் ஓராண்டுப் பயன்பாட்டுக்கு நிகரான அளவு அது. விளையாடாத நேரத்திலும் கருவிகள் எரிந்துகொண்டிருப்பதே பெருங்காரணம் என்று அறிக்கை கூறியது. ஆட்டத்தில் எட்டிய இடத்தை இழந்துவிடுவோமோ என்று அஞ்சிக் கருவியை அணைக்காமல் விட்டுச் செல்வோரும் இருந்தனர். அஞ்சியதில் பிழையில்லை. ஆட்ட நிலையைக் காப்பாற்றித் தராமல் ‘அணைத்துவிடு’ என்று மட்டும் சொன்னால் எவர் கேட்பார்?

2016ஆம் ஆண்டில் அதே குழு தொலைக்காட்சிகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கை மற்றோர் உண்மையை எடுத்துக்காட்டியது. சில தொலைக்காட்சிகளில், படத்தின் அமைப்பை ஒருவர் சிறிது மாற்றினாலும் மின்சிக்கன ஏற்பாடுகள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டன. நிறுத்தியவர் தாம் நிறுத்தியதையே அறியார்.

ஒரு சிறு கணக்கைக் காண்போம். நாளொன்றுக்கு 20 மணி நேரம் விளையாடப்படாத கருவி ஒன்று, அந்நேரம் முழுதும் 10 வாட் மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருந்தால் நாளொன்றுக்கு 200 வாட்மணி. ஓராண்டில் 73 யூனிட். அதே கருவி அந்நேரத்தில் அரை வாட் மட்டும் இழுத்தால், ஓராண்டில் 4 யூனிட்டுக்கும் குறைவு. இவ்வெண்கள் கற்பனையல்ல. எக்ஸ்பாக்ஸ் கருவிகளின் உறக்க நிலை 10 முதல் 15 வாட் வரை இழுப்பது. மின்சிக்கன அணைப்பு நிலையோ அரை வாட் அளவே இழுப்பது. 2022ஆம் ஆண்டில் அக்கருவிகளைச் செய்யும் மைக்ரோசாப்ட் நிறுவனம், புதிய கருவிகளில் மின்சிக்கன நிலையையே முதல் அமைப்பாக வைத்தது. விரும்புவோர் மாற்றிக்கொள்ளலாம். உரிமை பறிக்கப்படவில்லை; தொடக்க நிலை மட்டும் மாறியது. பெரும்பாலோர் தொடக்க நிலையைத் தொடுவதேயில்லையாதலால், அவ்வொரு மாற்றத்தின் பயன் பெரிது.

வரலாறு காட்டும் வழி

இவ்விரு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை தெளிவாகும். 1979ஆம் ஆண்டின் கருவி, ஆளிருக்கும் அறையில் ஒளியைக் குறைத்தது. 2008ஆம் ஆண்டின் கருவி, ஆளில்லாத அறையில் இரவெல்லாம் எரிந்தது. ஒன்று மிகைச் சிக்கனம். மற்றொன்று வீண் விரயம். இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஆள் இருக்கிறாரா என்பதைக் கருவி அறியவில்லை. அறிவிக்க வேண்டியவரும் அறிவிக்கவில்லை.

ஆகவே, திரை மங்கலை நிறுத்தலாமா என்ற வினாவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறுதல் பொருந்தாது. எங்கே நிறுத்துவது என்பதே வினா. விளையாட்டுக்குள்ளேயே நிறுத்தும் அமைப்பு உண்டாயின் அதனையே நாட வேண்டும். அஃது ஆட்டத்தோடு பிறந்து ஆட்டத்தோடு முடியும். அது கிட்டாதபோது, கருவியின் அமைப்பில் நேரத்தை நீட்டித்துக்கொள்ளலாம். ‘ஒருபோதும் வேண்டா’ என்று வைப்பது கடைசி வழியாக இருத்தல் நன்று. நிறுத்துமுன், அவ்வேற்பாடு கண்ணாடியைக் காக்க வந்ததா, மின்கலத்தைக் காக்க வந்ததா, மின்சாரத்தைக் காக்க வந்ததா என்று அறிந்துகொள்ள வேண்டும். மின்கலம் தீர்ந்தால் மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். தழும்பு விழுந்த திரையை மீட்க இயலாது.

ஆசிரியர்கட்கும் இவ்வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. அசையாதிருப்பவரை இல்லாதவராகக் கொள்வது கருவியின் பிழை. அப்பிழையைக் கருவி மட்டுமே செய்வதில்லை. வகுப்பில் கை உயர்த்தாமல், வாய் திறவாமல், கரும்பலகையையே நோக்கியிருக்கும் மாணவனையும் நாம் சிலவேளை கணக்கில் சேர்ப்பதில்லை. விசையைத் தட்டுவோரை மட்டுமே எண்ணிய நிரலாளர்கள், கண்ணால் பங்கு கொள்வோரையும் எண்ணக் கற்றுக்கொள்ள நாற்பது ஆண்டுகள் ஆயின.

மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது மற்றொன்று. ஒவ்வோர் அமைப்புக்கும் பின்னால் ஒரு மனிதர் முடிவெடுத்திருக்கிறார். மூன்று நிமிடம் என்று ஒருவர் விதித்தார். அதை மாற்றும் உரிமையை மற்றொருவர் தந்தார். எதிர்காலத்தில் இத்தகைய நிரல்களை எழுதப் போகிறவர்கள் இன்றைய மாணவர்களே. ஆட்டம் நடக்கும்போது ஒளியைக் காத்து, ஆட்டம் முடிந்ததும் மின்சாரத்தைக் காக்கும் ஒரு வரியை மறவாமல் எழுதுவது அவர்கள் கடமையாகும். அவ்வரி எழுதப்பட்டிருக்கும் இடத்தில், திரை மங்கலை நிறுத்தும் வழியை எவரும் தேடித் திரிய வேண்டியதில்லை.